சம்பளம் ஒண்ணு, வேஷம் மூணு

(சாலிகிராமம். டீக்கடை பெஞ்சு. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் சின்னச்சாமி கையில் கதை நோட்டு. பக்கத்தில், பிலிம் காலத்திலிருந்தே கேமரா உதவியாளராக இருக்கும் மாணிக்கம்.)

சின்னச்சாமி: ஏனுங்ண்ணா, இந்தக் கணக்கைப் பாருங்க. அப்பன், பெரிய பையன், சின்னப் பையன். மூணு நடிகரைப் போட்டா மூணு சம்பளம். ஒரே ஆளு மூணு வேஷமும் கட்டுனா ரெண்டு சம்பளம் மிச்சமுங்க!

மாணிக்கம்: அந்த மிச்சத்தைப் பத்திரமா வெச்சிருங்க முதலாளி, செலவு வருது. முதல்ல டூப்பு ரெண்டு பேரு.

சின்னச்சாமி: சண்டைக்குத்தானுங்களே டூப்பு?

மாணிக்கம்: பேசறதுக்கே வேணும். அண்ணன் மூஞ்சி தெரியணும்னா முன்னால தம்பி முதுகு நிக்கணும். அது யார் முதுகு? ஹீரோ உயரம், அதே தோள்பட்டை, அதே விக். முக்கியமா காது. தோளுக்கு மேல இருந்து எடுக்கறப்ப லென்ஸுக்குப் பக்கத்துல நிக்கறது காதுதான்.

சின்னச்சாமி: நம்ம மண்டியில மூட்டை தூக்கற பையன் அச்சு அசல் ஹீரோ மாதிரியே இருப்பானுங்க. காது மட்டும் கொஞ்சம் முறம்.

மாணிக்கம்: விக்கை இழுத்து மூடிடலாம். வரச் சொல்லுங்க.

சின்னச்சாமி: சரி, ரெண்டு பேரு மூஞ்சியும் ஒரே பிரேம்ல தெரியோணும்னா?

மாணிக்கம்: அது மாஸ்க் ஷாட். பிலிம் காலத்துல லென்ஸுக்கு முன்னால பாதியைக் கறுப்பு அட்டை வெச்சு மூடி, மீதிப் பாதியில அண்ணனை எடுப்பாங்க. அப்புறம் அதே நெகட்டிவைப் பின்னால சுத்தி, அட்டையை மறுபக்கம் மாத்தி, தம்பியை எடுப்பாங்க. பத்து செகண்டு ஷாட்டுன்னா 240 பிரேம். 35 எம்.எம்.ல அடிக்கு 16 பிரேம், ஆக 15 அடி. எண்ணிச் சுத்தறதுல தப்புனா, தம்பி கேள்வி கேக்கறதுக்குள்ள அண்ணன் பதில் சொல்லிட்டுப் போயிடுவான்.

சின்னச்சாமி: ரெண்டாவது தடவை வசனம் மறந்து போச்சுன்னா?

மாணிக்கம்: முதல் தடவை நல்லா நடிச்சதும் சேர்ந்து போச்சு. ரெண்டும் ஒரே நெகட்டிவ் இல்லையா? 1940 உத்தம புத்திரன்லயே பி.யு.சின்னப்பா ரெட்டை வேஷம். கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாத காலம்.

சின்னச்சாமி: இப்பத்தான் கம்ப்யூட்டர் வந்துருச்சுங்களே! பட்டனைத் தட்டுனா முடிஞ்சுது.

மாணிக்கம்: ஒட்டறது கம்ப்யூட்டர். எடுக்கறது அதே பழைய பாடுதான். ட்ரைபாடு காலுக்கு மணல் மூட்டை. ஜூம், ஃபோகஸ், அப்பெர்ச்சர் எல்லாத்துக்கும் டேப்பு ஒட்டணும். எதுவும் ஆட்டோவுல இருக்கக் கூடாது. லைட்டை ஒருத்தனும் தொடக் கூடாது. அண்ணன் வேஷத்தைக் கலைச்சுத் தம்பி வேஷம் கட்ட ஒண்ணரை மணி நேரம். அதுவரைக்கும் அத்தனையும் அப்படியே நிக்கணும்.

சின்னச்சாமி: நம்ம தோட்டத்துல எடுத்துக்கலாமுங்க. வாடகை கிடையாது.

மாணிக்கம்: சூரியனை யாரு புடிச்சு நிறுத்தறது? காலையில எடுத்த அண்ணன் நிழல் மேற்கே விழும், சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்த தம்பி நிழல் கிழக்கே விழும். அதனாலதான் செட்டுக்குள்ள லைட்டு போட்டு எடுக்கறது. எல்லாரும் சாப்பிடப் போனாலும் ட்ரைபாடு பக்கத்துல ஒருத்தன் காவல் இருக்கணும்.

சின்னச்சாமி: அவனுக்கும் பேட்டாவுங்களா?

மாணிக்கம்: சாப்பாடும். அப்புறம் ரெண்டு பாதியும் சேர்ற கோடு தூண்லயோ கதவு நிலையிலயோ விழணும். அசையற எதுவும் அந்தக் கோட்டுல வரக் கூடாது. ஆளும் தாண்டக் கூடாது, அவன் நிழலும் தாண்டக் கூடாது.

சின்னச்சாமி: நான் வாழைத்தோப்புக்கு நடுவுல பாசக் காட்சி எழுதியிருக்கேனே!

மாணிக்கம்: காத்தடிச்சா இடது பக்கம் பாதி இலை ஆடும், வலது பக்கம் பாதி சும்மா நிக்கும். அதை ஒவ்வொரு பிரேமா உக்காந்து சரி பண்றவனுக்கு யாரு காசு குடுக்கறது? இன்னொண்ணு, பார்வை. எதிர்ல ஆளே இல்லாம ஹீரோ பேசணும். கண் மட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டு வெச்சு டேப்பு ஒட்டி, தம்பி வசனத்தை அசிஸ்டென்ட் டைரக்டர் படிப்பாரு. டேப்பு ஒரு அடி இறங்குனா அண்ணன் உருகி உருகிப் பேசறது தம்பியோட சட்டைப் பாக்கெட்டைப் பாத்துத்தான்.

சின்னச்சாமி: கடன் கேக்கற சீன்தானுங்க. அது பரவால்ல.

மாணிக்கம்: (தலையில் கை வைத்து) சண்டைக் காட்சி எத்தனை?

சின்னச்சாமி: எட்டு. அதை நினைச்சாத்தான் பயமா இருக்குதுங்க.

மாணிக்கம்: அதுதாங்க மலிவு. சடசடன்னு வெட்டிப் போடறப்ப எது ஹீரோ, எது டூப்புன்னு பாக்க யாருக்கும் நேரமில்ல. அண்ணனும் தம்பியும் உக்காந்து காபி குடிக்கறாங்க பாருங்க, அதுதான் ஆளைக் கொல்லும்.

சின்னச்சாமி: க்ளைமாக்ஸ்ல மூணு பேரும் கட்டிப் புடிச்சு அழுவோணுமே?

மாணிக்கம்: கட்டிப் புடிச்சா கோடு எங்க போடறது? டூப்பைக் கட்டிப் புடிக்க வெச்சு, அவன் மூஞ்சி மேல ஹீரோ மூஞ்சியை ஒட்டணும். கேமரா வேற சுத்தி வரணும்னா மோஷன் கன்ட்ரோல் மெஷின் வேணும். மூணு வேஷத்துக்கும் மூணு தடவை இம்மி பிசகாம அதே வழியில சுத்தும். வாடகை நாள் கணக்குல.

சின்னச்சாமி: சுத்த வேண்டாமுங்க. கட்டியும் புடிக்க வேண்டாம். தள்ளி நின்னு கும்புட்டுக்கட்டும்.

மாணிக்கம்: நடுவுல தூண் வெச்சிடறேன்.

சின்னச்சாமி: (நோட்டில் சரசரவென்று அடித்து) அதுவும் வேண்டாம். அண்ணனும் தம்பியும் படம் பூரா பாத்துக்கறதே இல்ல. அப்பன் கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே செத்துட்டாரு. சுவத்துல மாலை போட்ட போட்டோ மட்டும்.

மாணிக்கம்: அந்தப் போட்டோ எடுக்க நரை விக்கு, ஒட்டுத் தாடி, மேக்கப்மேன். ஹீரோவோட அரை நாள் கால்ஷீட்டு.

சின்னச்சாமி: (வெகுநேரம் யோசித்து) ஏனுங்ண்ணா... மண்டிப் பையனையே உக்கார வெச்சு, மாலையைக் கொஞ்சம் பெருசாப் போட்டு மூஞ்சியை மூடிட்டா?

மாணிக்கம்: காதையும் சேர்த்து மூடுங்க.