நூறு கோடி வரிசைகளும் ஒரே ஒரு கோடும்

ஓர் உணரியின் அளவீடுகளைக் கோட்டுப் படமாக வரைவதற்குள் நேற்று இரவு மட்டும் மூன்று முறை என் நிரல் செத்து விழுந்தது. குற்றம் என்னுடையதா, கணினியுடையதா, அல்லது எதைக் கொடுத்தாலும் முழுவதையும் விழுங்கிய பிறகுதான் வரைவேன் என்று அடம்பிடிக்கும் மென்பொருள்களுடையதா?

தரவு ஒன்றும் விந்தையானதன்று. நொடிக்கு 100 அளவீடுகளைத் தரும் ஓர் அதிர்வு உணரி, ஏறத்தாழ 116 நாட்களில் 100 கோடி வரிசைகளைச் சேர்த்துவிடும். ஒவ்வொரு வரிசையிலும் நேரம் ஒன்று, அளவு ஒன்று, தலைக்கு 8 பைட் என்று கணக்கிட்டாலே 16 ஜிபி ஆகிறது. என் கணினியின் மொத்த ரேமும் அவ்வளவுதான். பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸின் பழைய பதிப்பு நேரத்தை எழுத்துச் சரமாகப் படித்துவிட்டாலோ, ஒவ்வொன்றும் தனித்தனிப் பைத்தான் பொருளாகி 50 பைட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் தாண்டி, படம் வரையும் கருவியான மேட்பிளாட்லிப்பிடம் கொண்டுபோய் நிறுத்தினால், அது தன் பங்குக்குப் புள்ளிகளை இன்னொரு முறை நகலெடுக்கிறது. கோட்டை எளிமைப்படுத்தும் வசதி அதில் உண்டுதான். ஆனால் நகலெடுத்து முடித்த பிறகே அது வேலைக்கு வரும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! கடைசியில் நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் ‘கில்டு’ (கொல்லப்பட்டது) என்ற ஒற்றைச் சொல்லோடு கதையை முடித்துவிடுகிறது.

சரி, இவ்வளவையும் திணிப்பது எதற்காக? 1,920 பிக்சல் அகலமுள்ள ஒரு திரைக்காக. ஒரு பிக்சல் அகலத்துக்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. அந்த அகலத்துக்குள் வரும் முதல் அளவு, கடைசி அளவு, மிகச் சிறியது, மிகப் பெரியது ஆகிய நான்கும் தெரிந்தால், இருநிறக் கோட்டுப் படத்தில் எல்லாப் புள்ளிகளையும் இணைத்து வரைந்த அதே கோடு கிடைத்துவிடும் என்பது, எம்4 என்ற பெயரில் 2014இலேயே ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. நான்கால் பெருக்கிப் பாருங்கள்: 7,680 புள்ளிகள்! கோப்பைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே இதைக் கணக்கிடலாம். முடிந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடலாம். இவ்வளவு எளிய கணக்கை, வரையும் கருவி தானாகச் செய்யாமல் என் தலையில் கட்டுவது ஏன்?

புள்ளிகளைப் பிக்சல்வாரியாகத் திரட்டி வரையும் டேட்டாஷேடர் என்ற கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கோடிக்கணக்கான புள்ளிகளைச் சிதறவிடும் படங்களுக்கு அருமையானதும்கூட. ஆனால் நிரல் நாலு முறை செத்த பிறகுதானே அப்படியொன்று இருப்பதே நமக்குத் தெரியவருகிறது!

இதைவிட எரிச்சலூட்டுவது அறிவுரை. “ரேம் வாங்கிப் போடு” என்கிறார் ஒருவர். அடுத்த 116 நாட்களுக்குப் பிறகு மறுபடி வாங்க வேண்டுமா? “ஆயிரத்துக்கு ஒன்று என மாதிரி எடுத்து வரை” என்கிறார் இன்னொருவர். நான் தேடுவதே ஒரேயொரு அளவீட்டில் தலைகாட்டி மறையும் திடீர் எழுச்சியை. ஆயிரத்தில் 999 வாய்ப்புகளில் அதைத்தான் அந்த மாதிரி தவறவிடும். சராசரி எடுத்தாலோ, 5 லட்சம் அளவீடுகளுக்கு நடுவே அது கரைந்தே போய்விடும்.

வேறு வழியின்றி அந்த நான்கு எண்களைக் கணக்கிடும் நிரலை நானே எழுதினேன். நினைவகம் அசையக்கூட இல்லை. மாதிரிப் படத்தில் வெறும் சமவெளியாகத் தெரிந்த இடத்தில் மூன்று எழுச்சிகள் நிமிர்ந்து நின்றன. மாதிரி எடுக்கச் சொன்னவரிடமே காட்டினேன். “நடுவில் இருப்பதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டு” என்றார். கோப்போ சிஎஸ்வி, அதாவது வரிசை வரிசையாக எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு; அந்த நேரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முதல் வரிசையிலிருந்து மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன்.