வெயிலுக்குப் பூனைக்கு மொட்டையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாலு வாரம் மழை இல்லையென்றால் போதும், நீளமுடிப் பெர்சியன் பூனை வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "கம்பளி போர்த்துன மாதிரி கிடக்கு, பாவம். மொட்ட அடிச்சு விட்றலாமா?" வெயிலுக்காக என்றால் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சிக்குக்காக என்றால் சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட அன்று நமக்குத் தலை குளுகுளுவென்று இருக்கும். மண்டை வியர்க்கிறது, காற்றுப் பட்டு வியர்வை காய்கிறது, அதனால் குளிர்ச்சி. பூனைக்கு முதுகை மழித்தால் அங்கே வியர்த்துக் கொட்டப் போவதில்லை. அதற்கு வியர்ப்பது உள்ளங்காலில்தான். மிச்சச் சூட்டை உடம்பை நக்கி எச்சில் ஈரத்தில் ஆற்றிக்கொள்ளும், சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மேல்முடி வெயிலைத் தோலில் படவிடாமல் தடுக்கிறது. அடியில் இருக்கும் பஞ்சுமுடி உதிர்ந்து வெளியே வராமல் அடைத்துக்கொண்டால்தான் காற்று புகாது. அதை எடுக்க இரும்புச் சீப்பு போதும். தகரக் கூரை கொதிக்கிற மதிய நேரத்தில் பூனையைக் கீழ்த்தளத்து ஓட்டுத் தரையில் விட்டு, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வைத்து, ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் துடைத்துவிடுங்கள். மொட்டையைவிட இது நன்றாக வேலை செய்யும். நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அப்போது முடியைப் பற்றி யோசிக்காதீர்கள், நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

சரி, சிக்கு. காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டை உரசும் இடம், முன்னங்கால் அக்குள், தொடையின் உட்புறம், வாலுக்கு அடியில். எங்கே உரசலோ அங்கேதான் முதலில் பிடிக்கும். செம்பனை ஓரத்து வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு: துணியில் ஒட்டிக்கொள்ளுமே, அந்தக் கெமுஞ்சுப் புல் விதை. வயிற்று முடியில் ஒரு விதை ஏறினால், அதைச் சுற்றி மூன்றே நாளில் முடி உருண்டை கட்டிவிடும்.

அந்த உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் உங்கள் விரல் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் மழிக்க வேண்டியதில்லை. சோளமாவு ஒரு சிட்டிகை தூவித் தேய்த்து, விரலால் இரண்டு மூன்றாகப் பிய்த்து, முடியின் அடியைத் தோலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மெதுவாகச் சீவி உள்ளே வர வேண்டும். அடியைப் பிடிக்காமல் சீவினால் ஒவ்வொரு இழுப்பும் தோலுக்குப் போகும், பூனை கடிக்கும். அது கடிப்பது நியாயம்தான். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், மிச்சம் நாளைக்கு. முதலில் குளிப்பாட்டிவிட்டுப் பிறகு சீவலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நனைந்த சிக்கு காயும்போது இன்னும் இறுகி, சாக்குத்துணி மாதிரி ஆகிவிடும்.

விரலே நுழையவில்லை, பாய் விரித்த மாதிரி தோலோடு ஒட்டிக் கிடக்கிறது என்றால் மழிப்பதுதான் இரக்கம். உடம்பு பெருத்த பூனைக்கும், மூட்டுவலி வந்து முதுகை எட்டி நக்க முடியாத கிழட்டுப் பூனைக்கும் இப்படித்தான் ஆகும். மலம் ஒட்டுகிற பூனைக்குப் பின்பக்கத்தை மட்டும் சுற்றி மழித்தால் போதும், முழு மொட்டை தேவையில்லை.

இங்கேதான் பலர் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பூனைத் தோல் மெல்லியது, தளர்ந்தது. சிக்கைத் தூக்கிப் பிடிக்கும்போது அடியில் தோலும் கூடாரம் மாதிரி மேலே எழும்பி வரும். முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும். சில நேரம் ரத்தம்கூட அதிகம் வராது, சுற்றியிருக்கும் முடி மூடிவிடும். இரண்டு நாள் கழித்து நாற்றம் அடித்துப் பார்த்தால் சீழ். நம் ஊர் ஈக்குச் சொல்ல வேண்டுமா, புழுவும் வைத்துவிடும்.

கிளிப்பர்தான் சரி. நமக்கு முடிவெட்டும் மெஷின் பஞ்சுமுடியில் சிக்கி இழுக்கும். பிராணிகளுக்கான கிளிப்பரில் 10ஆம் எண் பிளேடு போடுங்கள், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். 40ஆம் எண் அறுவை சிகிச்சைக்கானது, வீட்டில் அதைத் தொடாதீர்கள். பிளேடைப் படுக்கையாக வைத்து, ஒரு கையால் தோலை இழுத்துச் சமப்படுத்தி, முடி படிந்திருக்கும் திசையிலேயே நகர்த்துங்கள். அக்குள், தொடை மடிப்பு, முலைக்காம்பு, பின்னங்கால் தசைநாண், நாலும் வெட்டு விழும் இடங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கு எப்போதோ சுட்டிருக்கும். மீசையைத் தொடவே கூடாது. பூனை திமிறினால் அன்றைக்கு அவ்வளவுதான். நம் வீட்டுத் தூக்க மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுக்கிற யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். மயக்கம் தேவையா, எவ்வளவு என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. பெர்சியன் மாதிரி சப்பை மூக்குப் பூனைக்கு மூச்சுப் பிரச்சினை வேறு இருக்கும்.

பூனைக்கு முடி வெட்டும் கடைக்குக் கொண்டுபோவதென்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு பூனைக்கும் அடுத்த பூனைக்கும் நடுவில் பிளேடைக் கிருமிநீக்கம் செய்கிறீர்களா? வட்ட வட்டமாக முடி கொட்டிப் பொடுகு மாதிரி உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பிளேடு வழியாகப் பரவும், பிறகு வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் வரும்.

மழித்த பிறகு தோல் கொஞ்சம் சிவந்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்குமே, அந்தக் கிருமிநாசினியைத் தடவாதீர்கள், நக்கினால் பூனைக்கு விஷம். தேயிலை மர எண்ணெயும் அப்படித்தான். முடி திரும்ப மூடும்வரை வெயிலில் விடக் கூடாது, வெள்ளைப் பூனை என்றால் கட்டாயம். ஏர்கோன் அறையில் படுக்க ஒரு துண்டு போட்டு வையுங்கள். நீளமுடிப் பூனைக்குப் பழையபடி வளர நாலு முதல் ஆறு மாதம் பிடிக்கும்.

சயாமீஸ் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மழித்த இடத்தில் முடி கறுப்பாக வளர்ந்தால் பயப்படாதீர்கள். அதன் நிறம் சூட்டைப் பொறுத்தது, தோல் குளிர்ந்த இடத்தில் கருமை கூடும். அடுத்த முறை முடி கொட்டி வளரும்போது பெரும்பாலும் பழைய நிறத்துக்கே வந்துவிடும்.