ரோயிங் மெஷினில் திரும்பி வரும் பாதி

பினாங்கில் பல கொண்டோ ஜிம்களில் ஒரு ஓரமாக ரோயிங் மெஷின் கிடக்கிறது. உட்காருகிறவர்கள் முதல் வேலையாகப் பக்கவாட்டு லிவரை 10-க்குத் தள்ளுகிறார்கள், அப்புறம் ஓங்கி இழுக்கிறார்கள். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டதும் "இது முதுகுக்கு ஆகாது" என்று டிரெட்மில் பக்கம் போய்விடுகிறார்கள். மெஷின் மேல் குற்றமில்லை. இழுக்கும்போது வலிக்கிறது என்றாலும், அந்த வலிக்கான விதை பெரும்பாலும் கைப்பிடியோடு முன்னே திரும்பி வரும்போதே விழுந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

நாம் துடுப்பு வலித்தல் என்கிறோம். வலித்தல் என்றால் இழுத்தல். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் கைக்குத்தான் போகும். ஆனால் நகரும் சீட்டில் இருப்பவருக்கு முதல் வேலை கால்பலகையை மிதித்துத் தள்ளுவது. பயிற்றுநர்கள் தோராயமாகச் சொல்லும் பங்கு: கால் 60, உடல் 30, கை 10.

வரிசை எல்லாருக்கும் தெரியும். மிதித்துப் பின்னே போகும்போது கால், உடல், கை. முன்னே திரும்பும்போது கை, உடல், கால். வாய் சொல்வதை உடம்பு செய்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் நின்று ஒருவரின் முழங்காலைக் கவனியுங்கள். கை முழுதாக நீளும் முன்பே முழங்கால் மேலே வந்துவிட்டால் கைப்பிடிக்கு வழி இல்லை. அது எழும்பி, முழங்காலைத் தாண்டி, மறுபடி இறங்கும். கைப்பிடியோடு இணைந்த சங்கிலியே காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்காகச் செய்பவரின் சங்கிலி போக வர ஒரே மட்டத்தில் ஓடும். அவசரப்படுபவரின் சங்கிலி மேடு ஏறி இறங்கும்.

கால் முந்திக்கொண்டால் உடலைச் சாய்க்கும் வேலை பாக்கி நிற்கிறது. சீட் முன்னால் வந்து முட்டிய பிறகு, மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எட்டி எடுப்பதுபோல் கீழ்முதுகு கூனி நீள்கிறது. அதே கூனலில் அடுத்த மிதி விழுகிறது. காலின் மொத்த விசையும் வளைந்த அந்த முதுகு வழியாகத்தான் கைப்பிடிக்குப் போயாக வேண்டும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. நிமிடத்துக்கு 24 வீதம் 20 நிமிடம் செய்தால் 480 தடவை!

சரியான முறையில், கை நீண்டதும் இடுப்பு மூட்டிலிருந்து உடல் முன்னே சாய வேண்டும், முதுகு நீளமாகவே இருக்க வேண்டும். கடிகார முள்ளை நினைத்துக்கொண்டால் ஃபினிஷில், அதாவது இழுத்து முடித்த நிலையில், 11 மணி, சாய்ந்தபின் 1 மணி. அந்தச் சாய்வு வந்த பிறகுதான் முழங்கால் மடங்கலாம். அதிலிருந்து கேட்ச் வரை, அதாவது அடுத்த மிதி தொடங்கும் முன்முனை வரை, சாய்வை மாற்றாதீர்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக வந்ததும் நிறுத்துங்கள். குதிகால் கொஞ்சம் எழும்பலாம். பிட்டம் குதிகாலைத் தொடும் அளவுக்கு வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

மிதிக்கும்போது இன்னொரு கோளாறு வரும். சீட் பின்னே ஓடிவிடும், கைப்பிடி அதே இடத்தில் நிற்கும். வயிற்றைச் சுற்றியுள்ள பிடிமானம் தளர்ந்திருப்பதால் வருவது இது. காலின் உழைப்பு வீணாகி, பிறகு முதுகு மட்டும் தனியாகக் கைப்பிடியைத் தூக்குகிறது. தொடக்கத்தில் சீட் பத்து சென்டிமீட்டர் போனால் கைப்பிடியும் அதே பத்து சென்டிமீட்டர் போக வேண்டும். கை அதுவரை கயிறு மாதிரி நீட்டியே இருக்கட்டும். ஃபினிஷில் கைப்பிடி விலா எலும்பின் அடிப்பகுதிக்கு வந்தால் போதும், கழுத்துக்கு வர வேண்டியதில்லை.

லிவர் விஷயம். அது சுமையைக் கூட்டும் எடைக்கல் இல்லை. விசிறிக் கூண்டுக்குள் போகும் காற்றின் அளவை மாற்றுகிறது, சைக்கிள் கியர் மாதிரி. 3-லிருந்து 5-க்குள் வையுங்கள். கான்செப்ட் 2 நிறுவனத்தின் மெஷின் என்றால் திரையில் டிராக் ஃபேக்டரை, அதாவது காற்று விசிறியை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்ணை, பார்க்கலாம்; பெரும்பாலானவர்களுக்கு 110 முதல் 130 வரை நன்றாக இருக்கும். கூண்டில் தூசி அடைத்திருந்தால் லிவர் 5-இல் இருந்தாலும் அந்த எண் இறங்கிவிடும். அதனால் இரண்டு ஜிம்மின் 5-ஐ ஒப்பிடாதீர்கள். கால்பட்டை பாதத்தின் அகலமான இடத்தின் மேல் வர வேண்டும். சிலிப்பரோடு உட்காராதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வேர்க்கும், வழுக்குமோ என்று இறுக்கிப் பிடித்தால் முன்கை முதலில் சோர்ந்துவிடும். ஒரு துண்டு வைத்துக்கொண்டு, விரல்களைக் கொக்கியாக மாட்டினால் போதும்.

தெலுக் பஹாங் அணையில் டிராகன் படகு ஓட்டும் பிள்ளைகள் கவனிக்க: உங்கள் சீட் நகராது, முகம் போகும் திசையைப் பார்க்கும், துடுப்பு ஒரு பக்கம்தான். அந்தத் தோள் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தால் கேட்சிலேயே தோள் காதுவரை ஏறிவிடும்.

பழகுவதற்கு, திரையில் நிமிடத்துக்கு 20 ஸ்ட்ரோக் என்று காட்டும் வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு ஸ்ட்ரோக்குக்கு 3 வினாடி: போக 1, திரும்பி வர 2. முதல் 20 ஸ்ட்ரோக் கை மட்டும், அடுத்த 20 கையும் உடலும், அடுத்த 20 சீட் பாதி தூரம் மட்டும், பிறகு முழுசு. அதன்பின் 5 நிமிடம், ஒவ்வொரு முறையும் கை நீண்டு உடல் சாய்ந்த இடத்தில், முழங்கால் மடங்கும் முன், ஒரு வினாடி நில்லுங்கள். அப்போது கைப்பிடி முழங்காலைத் தாண்டி முன்னால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்ததில் இன்னும் மெதுவாக வாருங்கள்.