என் கணிப்பை நம்பிக் காசு கட்டச் சொன்னது யார்?

கொஞ்ச நாள் போகட்டும், கோபம் ஆறட்டும் என்று பேசாமல் இருந்தேன். ஆறவில்லை. அந்த ஸ்கிரீன்ஷொட் எந்த வட்ஸ்அப் குழுவில் தொடங்கி எங்கெங்கே போனது என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். அதனால் விளக்கப் போவதில்லை, பெயரும் சொல்லப் போவதில்லை. 2025 பேஸ்போல் பருவத்தின் பிளேஓவ் (கிண்ணத்துக்காகப் பருவ முடிவில் நடக்கும் சுற்றுகள்) தொடங்க முதல் நான் இங்கே எழுதிய கணிப்பு, எங்கள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ்தான் வெல்லும் என்று. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே, "அண்ணையை நம்பிக் கட்டின காசு போச்சு. ஆர் திருப்பித் தாறது?" அதற்கும் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். சிரித்தவர்களில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

தம்பி, உங்களைக் காசு கட்டச் சொன்னது யார்?

அந்தப் பதிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள். டொலர் என்ற சொல்லே அதில் இல்லை. யார் வெல்வார்கள் என்று நினைக்கிறேன், ஏன் அப்படி நினைக்கிறேன், அவ்வளவுதான் எழுதினேன். பொஸ்ரன் ரெட் சொக்ஸை நியூயோர்க் யாங்கீஸ் வெல்லும், யாங்கீஸை நாங்கள் வெல்வோம் என்றேன். காரணமும் சொன்னேன். யாங்கீஸும் நாங்களும் வழமையான பருவத்தை 94 வெற்றியோடு சமமாக முடித்தோம், ஆனால் நேருக்கு நேர் ஆடியதில் 8-5 என்று புளூ ஜேய்ஸ் முன்னால் நின்றது. அப்படியே நடந்தது. அடுத்த சுற்றில் சியாற்றிலோடு ஏழாவது ஆட்டம் வரை போகும், ஆனால் தாண்டிவிடுவோம் என்றேன். எங்கள் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் ஏழாவது இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) அந்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னை, வேலியைத் தாண்டும் அடியை, அடித்தார், தாண்டினோம். அன்றைக்கு யாரும் ஸ்கிரீன்ஷொட் எடுக்கவில்லை. அன்றைக்கு இதே தம்பி எனக்கு இதயக்குறி போட்டார்.

பிளேஓவின் மற்றப் பக்கத்தில் மில்வோக்கி அணி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸை வெல்லும் என்று எழுதியிருந்தேன். ஏன் எழுதக் கூடாது? லீக்கிலேயே அதிகமாக 97 வெற்றி பெற்ற அணி. டொட்ஜர்ஸோடு அந்த வழமையான பருவத்தில் ஆடிய ஆறு ஆட்டத்தையும் வென்ற அணி. அப்புறம் பிளேஓவில் நாலையும் தோற்றது. நாலாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் ஒஹ்தானி பந்துவீசிப் பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றம்) ஆக்கி, அதே இரவு மூன்று ஹோம் ரன்னும் அடிப்பார் என்று எந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லும்? அதுதானே இந்த விளையாட்டு. கணிப்பவனுக்கும் அது தெரியும், கேட்பவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பொதுவில் எழுதினால் பொறுப்பும் வேண்டும் அண்ணை" என்று ஒருவர் மரியாதையாகவே எழுதியிருந்தார். சரி, பொறுப்பு என்றால் என்ன? 162 ஆட்டம் நடக்கிற ஒரு பருவத்தைப் பார்த்து, வேலை முடிந்து வந்து நித்திரையை விட்டுப் பார்த்து, யார் எப்படி ஆடுகிறார்கள் என்று கவனித்து எழுதுவதுதான் என் பொறுப்பு. எல்லா அணிகளிலும் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி எது, கூடிய துடுப்பாட்ட சராசரி யாருடையது என்று பார்த்துத்தான் ரொறன்ரோ என்றேன். 2024இல் 74 வெற்றியோடு பிரிவில் கடைசியில் கிடந்த அணி இது. ஏப்ரலில் கீழ்மட்ட லீக்கில் தொடங்கி செப்டெம்பரில்தான் மேலே வந்த ட்ரே யெசவேஜ் என்ற எங்கள் பொடியன், டொட்ஜர்ஸோடு ஆடிய வேர்ல்ட் சீரிஸ் (கிண்ணத்துக்கான இறுதித் தொடர்) ஐந்தாவது ஆட்டத்தில் பன்னிரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். அவனைப் பற்றியும் அந்தப் பதிவில் ஒரு பந்தி இருக்கிறது. அதைப் படித்தீர்களா, அல்லது கடைசி வரியில் இருந்த அணியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பந்தய அப்பைத் திறந்தீர்களா?

இந்தக் கணிப்புச் சொல்லும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்து, எல்லோரையும் போல ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். இங்கிலிஷ் படித்திருந்தேன், ஆனால் வாய் திறக்க வெட்கம். அந்தக் குசினியில் மா வைக்கும் தட்டுக்கு மேலே ஒரு ரேடியோ எப்போதும் ஓடும். ஆட்டம் தொடங்க முதல் பெரிய குக் ஒவ்வொருவராகப் பார்த்து, இன்றைக்கு யார் வெல்லும் என்று கேட்பார். போர்த்துக்கல்காரர், ஜமேய்க்காக்காரர், எல்லோரும் சொல்வார்கள். என்னையும் கேட்டார். பேஸ்போல் எனக்கு ஒரு துளியும் தெரியாது. ரொறன்ரோ என்று சொன்னேன். "ஏன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் பேஸ்போல் கற்றுக்கொண்டேன். இந்த ஊரில் என் கருத்தைக் கேட்ட முதல் மனிதர் அவர். 1993 ஒக்ரோபரில் எங்கள் ஜோ கார்ட்டர் ஒன்பதாவது இன்னிங்ஸில் அடித்த பந்து வேலியைத் தாண்டிக் கிண்ணம் எங்களுக்கு வந்தபோது, கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அந்தக் குசினியில் யாரும் யாரிடமும் ஒரு சதம்கூட வாங்கவில்லை. "நான் சொன்னேன் பார்" என்று சொல்லும் உரிமைதான் பரிசு. தோற்றவரைப் பகிடி பண்ணுவோம், அடுத்த நாளும் அவரிடம் கேட்போம்.

எனக்குக் கணிப்பு என்றால் அதுதான். ஒருவரோடு பேச்சைத் தொடங்கும் வழி. அதைப் போய்க் கடன்பத்திரம் ஆக்கிவிட்டீர்களே என்றுதான் வலிக்கிறது.

"காலம் மாறிவிட்டது, எல்லோரும்தான் கட்டுகிறார்கள்" என்பார்கள். மாறித்தான் விட்டது. கனடாவில் ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுவது 2021 ஓகஸ்டில்தான் சட்டபூர்வமானது. 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ தனியார் நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. அன்றிலிருந்து ஒரு ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்க முடிகிறதா? இன்னிங்ஸ் முடிந்தால் பந்தய விளம்பரம். வர்ணனைக்கு நடுவே பந்தய வீதம். யார் வெல்வார் என்பதுகூட இப்போது போதாது. அடுத்த பந்து எத்தனை மைல் வேகத்தில் வரும், ஸ்ட்ரைக்கா போலா, அதற்கும் காசு. 2025 நவம்பரில் கிளீவ்லாந்து அணியின் இரண்டு பந்துவீச்சாளர்கள் மீது, பந்தயக்காரருக்கு உதவ முன்கூட்டியே பேசி வைத்துப் பந்து வீசினார்கள் என்று நியூயோர்க்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்கள் மறுத்தார்கள், அது வழக்கின் பாடு. ஆனால் 1919 வேர்ல்ட் சீரிஸைக் காசுக்கு விற்றார்கள் என்று எட்டு சிக்காகோ வீரர்களை ஆயுளுக்கும் தள்ளிவைத்த விளையாட்டு இது. பந்தயம் என்ன செய்யும் என்று நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்துகொண்ட விளையாட்டு. இன்றைக்கு அதே லீக் பந்தய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அவர்களிடம் போய்க் கேட்க உங்களுக்கு வாய் வராது. முகநூலில் எழுதுகிற அண்ணை கிடைத்தால் போதும்.

இன்னொருவர், "நீங்கள் எப்படியும் உங்கள் அணியைத்தான் சொல்வீர்கள், அது என்ன கணிப்பு?" என்கிறார். ஆமாம், சொல்வேன். நான் ரசிகன். அடுத்தவர்.

அடுத்தவர், "கொம்பியூற்றர் மொடல்களைப் பாருங்கள், உணர்ச்சி வேண்டாம்" என்று அறிவுரை சொன்னவர். மொடல்களையும் பார்க்கிறேன் ஐயா. 2001இல் 116 ஆட்டம் வென்ற சியாற்றில் வேர்ல்ட் சீரிஸுக்கே போகவில்லை. 2006இல் 83 மட்டும் வென்ற சென்ற் லூயிஸ் கிண்ணத்தைத் தூக்கியது. 2022இல் டொட்ஜர்ஸ் 111 வென்றுவிட்டு, 89 வென்ற சான் டியேகோவிடம் விழுந்தது. 2023இல் 84 வெற்றி பெற்ற அரிசோனா வேர்ல்ட் சீரிஸ் ஆடியது. மூன்று ஆட்டம், ஐந்து ஆட்டம் என்று ஒரு தொடரைச் சுருக்கிவிட்டால் நல்ல அணி தோற்பதற்கு எல்லா வழியும் திறந்துவிடும். மொடலும் சதவீதம்தான் சொல்கிறது, நிச்சயம் சொல்லவில்லை. அதையும் படிக்காமல் கட்டினால் மொடலையும் திட்டுவீர்கள் போலிருக்கிறது.

சரி, வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்துக்கு வருகிறேன். இதை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். 4-3 என்று முன்னால் நிற்கிறோம். இன்னும் இரண்டே இரண்டு அவுட். கிண்ணம் தூக்கி முப்பத்திரண்டு வருடம். டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ், யாரும் நினைக்காத ரோஹாஸ், ஹோம் ரன் அடித்துச் சமன் செய்கிறார். அதே இன்னிங்ஸில் எங்கள் முறை, மூன்று பேஸிலும் எங்கள் ஆள் நிற்கிறார், ஒரு அவுட்தான். தொட்டால் வெற்றி ஓட்டம் என்ற ஹோம் பிளேற்றில் எங்கள் கைனர்-ஃபலேஃபா ஒரு பாத அளவில் அவுட். அடுத்தது எங்கள் கிளெமெண்ட். அடிக்கிறார், பந்து ஆழமாகப் போகிறது, டொட்ஜர்ஸின் பஹேஸ் தன் அணிக்காரரோடு மோதிக்கொண்டே பிடிக்கிறார். சமநிலை என்பதால் கூடுதல் இன்னிங்ஸ். பதினோராவதில் அவர்களின் வில் ஸ்மித்தின் ஹோம் ரன். 5-4, தோற்றோம். நடுநிசி தாண்டிவிட்டது. என் மகள் ரொறன்ரோவில் பிறந்தவள், இந்த அணி கிண்ணம் தூக்கி அவள் கண்டதே இல்லை. பக்கத்தில் இருந்து அழுதாள். நானும் அழுதேன்.

அந்த நேரத்தில்தான் என் ஃபோனில் அந்த ஸ்கிரீன்ஷொட் வந்தது. தோற்று அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. நான் அணியை நினைத்து உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் கணக்கை நினைத்திருக்கிறீர்கள். நாம் இருவரும் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்தோமா தம்பி? கிளெமெண்ட் ஒரே பிளேஓவில் 30 ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) அடித்து எல்லாக் காலத்துக்குமான சாதனை வைத்தார். அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? காசு கட்டியவருக்கு அந்த அணி தோற்ற சீட்டு. எனக்கு அது முப்பத்திரண்டு வருடத்தில் மிகச் சிறந்த ஒக்ரோபர்.

"விளையாட்டுத்தானே, ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: விளையாட்டாக இருந்தவரை எனக்குக் கோபம் வரவில்லை.

அந்தப் பதிவை நீக்கச் சொல்லி உள்பெட்டியில் கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நீக்க மாட்டேன். அடுத்த முறை பிளேஓவுக்குப் பன்னிரண்டு அணியும் முடிவானதும் திரும்ப எழுதுவேன், ஒவ்வொரு தொடருக்கும் காரணத்தோடு. என்னோடு சண்டை போடுங்கள், யாங்கீஸ்தான் வெல்லும் என்று வாதாடுங்கள், என் காரணம் பிழை என்று காட்டுங்கள், விடிய விடியப் பதில் எழுதுகிறேன். எவ்வளவு போடலாம் அண்ணை என்று கேட்கிற கொமென்ற் வந்தால், எழுதியவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே நட்பிலிருந்து எடுத்துவிடுவேன்.