பாசிக்கு வெயில் மட்டும் காணாது

கோடை முத்த முத்த ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும், "கேணி பச்சையாப் போச்சு, மழை இல்லைத்தானே, என்ன செய்யிறது" எண்டு. எனக்கு இதில துளியும் உடன்பாடில்லை. வறட்சி பாசிக்கு இடம் மட்டும்தான் குடுக்குது, சாப்பாடு போடுறது நாங்கள்.

யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியோட சரி. எங்கட தண்ணி நிலத்துக்குக் கீழ, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளாலதான் ஓடுது, அது வெளியில தலை காட்டுற இடங்கள்தான் நிலாவரை, கீரிமலை, ஊருக்கு ஊர் இருக்கிற கிணறுகள். செம்மண்ணில வெங்காயத்துக்கு யூரியாவை எறிஞ்சிட்டு உடன மெஷினைப் போட்டு வாய்க்கால் நிறைய இறைச்சா, பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றா (தண்ணியில கரையிற நைதரசன் உப்பு, பாசிக்குச் சாப்பாடு இதுதான்) மாறிக் கீழ போயிடும், சுண்ணாம்புக்கல் அதை வடிகட்டாது. கக்கூஸ் குழியில இருந்து போறதும் அதே வழிதான். பிறகு அந்தத் தண்ணியையே இறைச்சு அதுக்கு மேல திரும்பவும் பசளை போடுறம்.

அமெரிக்காவில புளோரிடாவும் இப்பிடிச் சுண்ணாம்புக்கல் நிலம்தான், அங்க ஊற்றில இருந்தே முழு ஆறு புறப்படுது. அடி மணல் தெரியிற அளவுக்குத் தெளிவா இருந்த சில்வர் ஸ்பிரிங்ஸ் எண்ட பெரிய ஊற்றிலயே நீர்ப்புல்லை மூடி நார்ப்பாசி படர்ந்திட்டுது. அங்க குடிதண்ணிக்கு நைத்திரேற்று நைதரசன் எல்லை லீற்றருக்கு 10 மில்லிகிராம், ஆனா ஊற்றுகளுக்கு வச்ச எல்லை 0.35 தான். அப்ப குடிக்கலாம் எண்டு ரிப்போட் வந்த தண்ணியிலயும் பாசி தாராளமா வளரும் எண்டுதானே அர்த்தம்!

ஓட்டமும் முக்கியம். நிலத்தடி நீர்மட்டம் இறங்க ஊற்றின்ர வேகம் குறையும், தண்ணி தேங்கிச் சூடேறும், முந்தி ஓட்டம் அடிச்சுக்கொண்டு போன பாசி அப்பிடியே கல்லில பிடிச்சு நிக்கும். டெக்ஸாஸில பெரிய வறட்சி வந்த 1956இல கோமல் ஊற்று மாசக்கணக்கில ஓடாமலே நிண்டது. மழை மட்டும் இல்லாமப் போகேல்லை, மேல சனம் இறைச்சதும் சேர்ந்துதான்.

ஆவணி மாசம் மத்தியானம் ஒரு கேணிப் படியில இருந்து பாருங்கோ. பச்சை நார் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழி ஏறி, பாசி பாயாட்டம் மேல மிதக்கும், அது பகலில விடுற ஒட்சிசன். இரவில பாசியே ஒட்சிசனை இழுக்கத் துவங்கும், அதுதான் விடியப்புறம் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கிறது. உடன பாசியைக் கொல்லச் செப்புச் சல்பேற்றைக் கொட்டுவம் எண்டு வாறவையைத் தயவுசெய்து மறியுங்கோ. நீலப்பச்சைப் பாசியா இருந்தா அது செத்து உடைய உள்ள இருக்கிற நஞ்செல்லாம் தண்ணிக்குள்ள வரும், கொதிக்க வச்சாலும் அந்த நஞ்சு போகாது. நைத்திரேற்றும் அப்பிடித்தான், கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வத்தி இன்னும் செறிவாகும். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்குக் கிணத்துத் தண்ணியில மாப்பால் கரைக்கிற அம்மாமார் இதைக் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும், நைத்திரேற்று கூடினா பிள்ளையின்ர ரத்தம் ஒட்சிசனைக் காவ ஏலாமல் உடம்பு நீலம் பாய்ஞ்சு போகும். உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை நைத்திரேற்றா லீற்றருக்கு 50 மில்லிகிராம் (மேல சொன்ன 10 மாதிரி நைதரசனை மட்டும் கணக்கெடுத்தா இது 11 அளவில வரும்), எங்கட தோட்டப் பக்கத்துக் கிணறுகள் கனக்க அதைத் தாண்டினது.

பசளையை ஒரே நாளில நிப்பாட்டுங்கோ எண்டு நான் சொல்லேல்லை, 2021இல இலங்கை அரசு அப்பிடி நிப்பாட்டி விவசாயி பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மாட்டெருவை அளவில்லாமல் கொட்டினாலும் நைத்திரேற்றுத்தான் வரும். யூரியாவைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்கோ, போட்ட கையோட வெள்ளமா இறைக்காதேங்கோ. மாரிக்கு முதல் குளங்களைத் தூர் வாரினா வாற மழை கடலுக்கு ஓடாமல் கீழ இறங்கும். கீழ தேங்கின நைத்திரேற்று போக வருசக்கணக்கா எடுக்கும், அதுக்காக இப்ப தொடங்காமல் விடேலாது.

உங்கட கிணத்துத் தண்ணியைக் கோடையில ஒருக்கா, மாரி முடிய ஒருக்கா எண்டு நைத்திரேற்றுக்குச் சோதிப்பியுங்கோ. ரிப்போட் இருக்கிற ஆக்கள் ஊரையும் மாசத்தையும் கீழ போடுங்கோ, சேர்த்து வச்சுப் பாப்பம்.