பூனை வீட்டைவிட ஆளைத்தான் தேடும்
பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆளைத் தேடாது என்று பூனைகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சோறு போடுகிறவரைத்தான் சுற்றும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொன்னதும் எங்கள் வீட்டில் பொருந்தாது, ஏனென்றால் தட்டில் பிஸ்கட் போடுவது நான், ஆனால் எங்கள் பூனை விடியற்காலையில் சாமி அறை வாசலில் போய் உட்கார்ந்து, அம்மா விளக்கேற்றி முடிக்கும்வரை நகராது. அம்மா ஈப்போவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனால் கோலாலம்பூர் செந்தூலில் அதே வீடு, அதே தட்டு, ஆனாலும் பாதி சாப்பாடு அப்படியே கிடக்கும், கிரில் கதவுச் சத்தம் கேட்டால் மட்டும் ஓடிப்போய் பார்க்கும். 2019இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்விலும் சுமார் 65 விழுக்காடு பூனைகள், வளர்த்தவர் சிறிது நேரம் பிரிந்துவிட்டுத் திரும்பியதும் பதற்றம் தணிந்ததைப் பார்த்திருக்கிறார்கள், குழந்தைகள் மாதிரியே. பூனை வீட்டோடதான் என்ற பேச்சை நம்பித்தான் வீடு மாறுகிறவர்கள் அதை அடுக்குமாடிக்குக் கீழே விட்டுவிட்டுப் போகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. தயவுசெய்து கூட்டிக்கொண்டு போங்கள், புது வீட்டில் கொஞ்ச நாள் ஒரே அறையில், அது படுத்த பழைய துணியைத் துவைக்காமல் போட்டு வையுங்கள், வாசனை தெரிந்தால் சீக்கிரம் பழகிவிடும்.