முதல் பேருந்தின் படியில் ஒரு ஆள் வேண்டும்

"அன்னிக்குக் கோவிட் வந்தப்ப வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம், வைத்தியம் பார்த்தோம். இன்னும் என்ன குறைங்கிறீங்க?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். 2020-ல் தன் கையாலேயே சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தவர் அவர். அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை.

அந்த வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி சிங்கப்பூரில், பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு ஊழியர் விடுதிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 20,000 பேர் உள்ளே. கொஞ்ச நாளில் மற்ற விடுதிகளும் மூடின. ஈரடுக்குக் கட்டில் போட்ட அறைகள், பொதுக் கழிவறை, பொதுச் சமையல்கட்டு. ஒருவரைவிட்டு ஒருவர் விலகி நிற்க இடமேது? டிசம்பரில் மனிதவள அமைச்சும் சுகாதார அமைச்சும் வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகள் சுமார் 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி தொற்றியிருந்தது. இறந்தவர்கள் மிகச் சிலரே. அந்த வைத்தியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

நான் சமூக ஊழியர். பகலில் என் வேலை, ராத்திரியில் தொண்டூழியமாகத் தமிழ் பேசும் ஊழியர்களுக்குத் தொலைபேசி. அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர், பதினோரு மணி இருக்கும், அழைத்தார். "சாமான எடுத்துக்கிட்டுக் கீழ வா"ன்னு சொன்னாங்களாம். பேருந்தில் ஏற்றினார்களாம். எங்கே, எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. இறங்கின பிறகுதான் அது, கிருமி தொற்றியவர்களை வைத்திருந்த எக்ஸ்போ கண்காட்சி மண்டபம் என்று தெரிந்திருக்கிறது. அவசரத்தில் சார்ஜர் கட்டில் கம்பியிலேயே தொங்கிப்போச்சு.

"அக்கா, போன் ஒம்பது பர்சன்ட்தான் இருக்கு. இது ஆஃப் ஆயிடுச்சுன்னா வீட்ல நான் செத்துட்டேன்னு நெனச்சுக்குவாங்க."

அவர் மனைவி எண்ணை வாங்கிக்கொண்டு நான் பேசினேன். மறுநாள் சாயங்காலம்தான் ஒரு சார்ஜரை உள்ளே அனுப்ப முடிந்தது. அதற்குப் பிறகு பேசியபோது அவர் இருமலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பளம் வருமா? வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணிடுவாங்களா? ஏஜென்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கின காசுக்கு இந்த மாசம் என்ன பண்றது? இதுதான் முழுக்க.

சம்பளத்தை நிறுத்தக்கூடாது என்று அரசாங்கம் முதலாளிகளிடம் சொல்லியிருந்தது. அதற்காக, வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி மாசாமாசம் கட்டும் லெவி வரியிலும் சலுகை கொடுத்திருந்தது. அந்தச் செய்தி அவர் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. "ஜுரம் வந்து ரெண்டு நாளாச்சுக்கா, சொன்னா பெர்மிட் போயிடும்னு சொல்லல" என்றார். அந்த இரண்டு நாளும் அவர் அதே அறையில்தான் படுத்திருந்தார். பெர்மிட்டைப் பற்றி நம்பகமான ஒருவர் முன்கூட்டியே பேசியிருந்தால் அவர் முதல் நாளே மருத்துவரிடம் போயிருப்பார். சமூகப்பணி நோய்த்தடுப்பின் ஒரு பகுதி என்று நான் சண்டைபோடுவது இதனால்தான். ஆனால் நோய் வந்தால் மருத்துவர் முதலில், பிறகு போலீஸ், கேட்டரிங். எல்லாரும் வந்த பிறகு, ஆட்கள் உடைந்துபோன பிறகு, எங்களைக் கூப்பிடுகிறார்கள். விடுதிகள் மூடியது ஏப்ரலில். ஊழியர்களின் மனநலத்துக்கென்று 'புராஜெக்ட் டான்' வந்தது நவம்பரில். நடுவில் ஏழு மாசம் ஓடிவிட்டது.

இன்னொன்று என்னை இன்னும் உறுத்துகிறது. தமிழ் இங்கே ஆட்சிமொழி. தமிழ் பேசும் தாதியரும் அதிகாரிகளும் உண்டு, வானொலி உண்டு, பத்திரிகை உண்டு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வங்கதேசத்துப் பையனுக்கு அதெல்லாம் ஏது? வேலையிடத்தில் நம்மாட்களிடம் பொறுக்கின அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு, அறந்தாங்கித் தம்பியிடமே தன் சோதனை முடிவைக் காட்டி, "நல்லா இருக்கா, நல்லா இல்ல?" என்று கேட்டிருக்கிறான். தம்பிக்கும் அந்த ஆங்கிலம் புரியவில்லை. தொண்டூழியர்கள் பலர் வங்காளத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள், கோடி புண்ணியம். ஆனால் ஒருவருக்கு வந்திருக்கும் நோயை அவர் மொழியில் சொல்வது தொண்டூழியரின் நல்ல மனசை நம்பி விடுகிற காரியமா?

2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரநிலை வந்தது. அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். வரவேற்கிறேன், மனசார. அதே மாசம்தான், வாரத்துக்கு அதிகபட்சம் 500 பேர் என்று சோதனை முறையில் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, போய்வர விட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, சில மணி நேரம். கட்டிலுக்கு இடைவெளியை அளந்த அக்கறையில் பாதியாவது அந்த ஒன்றரை வருஷத் தனிமைக்குக் கிடைத்திருக்கலாம்.

நண்பருக்கு என் பதில் இதுதான். அடுத்த தொற்று வருமுன்னே ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு சமூக ஊழியரைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பேசி, முகம் பழகினவராக இருக்கட்டும். அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்குப் பேருந்து வந்து நிற்கும்போது, எங்கே போகிறோம், எத்தனை நாள், சம்பளம் உண்டு, பெர்மிட்டுக்கு ஒன்றும் ஆகாது, வீட்டுக்கு யார் தகவல் சொல்வார்கள் என்பதையெல்லாம் ஏறுகிறவரின் மொழியிலேயே சொல்ல அவர் அந்தப் படியில் நிற்கட்டும். கையில் நாலு சார்ஜரோடு.